'மருந்து நல்லா கேக்குது'... ஆஸ்துமா ஆய்வுகளில் இதை எப்படி அளக்கிறார்கள்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ராத்திரி முழுக்க இழுப்பு, தூக்கமே இல்ல" என்பார் ஒருவர். "நான் போடுற பம்ப்பை வாங்கிப் பாருங்க பாய், எனக்கு நல்லா கேக்குது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லை தாண்டினால் புதுச்சேரி, அங்கே ஜிப்மர். ஆனால் பெரிய டாக்டரிடம் போவதற்கு முன்பே மருந்துக் கடையில் ஒரு இன்ஹேலரோ மாத்திரையோ கைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மருந்து 'கேக்குது' என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? மூச்சு லேசாக இருப்பதை வைத்தா? கருவியில் ஊதிப் பார்த்த அளவை வைத்தா? அல்லது அந்த வருடம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை வரவில்லை என்பதை வைத்தா?

மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. ஒரே மருந்து, ஒரே ஆய்வு, ஆனால் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து 'ஜெயித்தது' என்றும் சொல்லலாம், 'தோற்றது' என்றும் சொல்லலாம். ஆஸ்துமா ஆய்வுகளின் வரலாற்றில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் 26 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். எனவே இது விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

<b>'நல்லா இருக்கு' என்று நோயாளி சொன்னால் போதாதா?</b>

போதாது என்று காட்டிய ஆய்வு ஒன்று 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்து வெளியானது. ஆஸ்துமா உள்ள 46 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள், 39 பேர் கடைசி வரை இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் நான்கு விதமான அனுபவம். ஒரு நாள் உண்மையான சால்பியூட்டமால் இன்ஹேலர். ஒரு நாள் மருந்தே இல்லாத டம்மி இன்ஹேலர். ஒரு நாள் போலி அக்குபஞ்சர். ஒரு நாள் எதுவுமே இல்லை, சும்மா உட்கார வைத்தார்கள்.

பிறகு இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள்.

முதலில், எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். உண்மையான மருந்து எடுத்தபோது 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். டம்மி இன்ஹேலருக்கு 45 சதவீதம், போலி அக்குபஞ்சருக்கு 46 சதவீதம். எதுவும் செய்யாதபோது 21 சதவீதம்.

அதாவது, நோயாளியின் வாய்மொழியை மட்டும் வைத்துப் பார்த்தால் மருந்துக்கும் டம்மிக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

அடுத்து, ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் ஊதச் சொன்னார்கள். உண்மையான மருந்து எடுத்த நாளில் மூச்சு வெளியேற்றும் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான்.

நோயாளிகள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சுக்குழாய் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. ஆஸ்துமாவில் இந்த இடைவெளிதான் ஆபத்து. 'பரவாயில்லையே' என்று வீட்டிலேயே இருந்துவிடுவோம், உள்ளே குழாய் சுருங்கியே இருக்கும்.

<b>நஞ்சறுப்பான் இலையின் கதை</b>

இதே சிக்கலை இந்திய ஆய்வாளர்கள் 1960-களிலேயே சந்தித்தார்கள். சம்பந்தப்பட்டது நம்ம ஊர் வேலியோரக் கொடியான நஞ்சறுப்பான். மூச்சுத் தொல்லைக்கு நாட்டு மருந்தாக நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்தது இது.

டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் டாக்டர் சிவ்புரி குழுவினர் இதைச் சோதித்து 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். 110 நோயாளிகள். சிலருக்கு நஞ்சறுப்பான் இலை, சிலருக்கு டம்மியாகக் கீரை இலை. ஒரு வார முடிவில், இலை சாப்பிட்டவர்களில் 62 சதவீதம் பேருக்கு நல்ல நிவாரணம். கீரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். நஞ்சறுப்பான் இலையை மென்றால் வாய் புண்ணாகும், ருசி தெரியாமல் போகும், குமட்டும். கீரைக்கு அப்படி எதுவும் ஆகாது. அப்போ தனக்கு எந்த இலை கிடைத்தது என்பதை நோயாளியால் ஊகிக்க முடியும். 'நமக்கு நிஜ மருந்துதான்' என்று தெரிந்தவுடன் நிம்மதியும் கூடத்தானே செய்யும்? நிவாரணத்தில் எவ்வளவு இலையால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

கதை அங்கே முடியவில்லை. சென்னையின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் கே.வி. திருவேங்கடம் குழுவினர் வேறு வழியில் போனார்கள். அப்போது வழக்கத்தில் இருந்த ஆஸ்துமா மருந்தோடு நஞ்சறுப்பானை ஒப்பிட்டு, 1978-ல் வெளியிட்டார்கள். மறு வருடமே, 1979-ல், 135 நோயாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு வெளியானது. மருந்து எது, டம்மி எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை.

ஒரே கொடி, பத்தே வருடம், வெவ்வேறு முடிவுகள். கொடி மாறவில்லை. சோதித்த விதமும் அளந்த விதமும்தான் மாறின. (இதைப் படித்துவிட்டு வீட்டில் இலையைப் பறித்து மென்று பார்க்க வேண்டாம். வாந்தியும் வாய்ப்புண்ணும்தான் மிச்சம்.)

<b>அப்போ கருவியில் ஊதிப் பார்த்தால் சரியா?</b>

கருவி பொய் சொல்லாது என்பதால் பல வருடங்கள் ஆய்வுகள் இதையே நம்பியிருந்தன. முக்கியமாக இரண்டு அளவுகள்.

• முழுசாக மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது ஒன்று. இதற்கு ஸ்பைரோமீட்டர் வேண்டும்.

• எவ்வளவு வேகத்தில் ஊத முடிகிறது என்பது இன்னொன்று. இதற்குக் கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர் போதும். வீட்டிலேயே காலை, மாலை ஊதி நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த எண் மட்டுமே தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்து அதற்கு உதாரணம்.

ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடினால் சிலருக்கு ஆஸ்துமா கடுமையாகும். அந்த அணுக்களைக் குறைக்கும் மருந்து இது. 362 பேரிடம் சோதித்து 2007-ல் முடிவு வெளியானது. முக்கிய அளவுகோல், காலையில் ஊதும் வேகம். அதில் மாற்றமே இல்லை. மருந்து அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள்.

சில ஆய்வாளர்கள் விடவில்லை. அவர்கள் இரண்டு விஷயங்களை மாற்றினார்கள். ஒன்று, இயோசினோஃபில் நிஜமாகவே அதிகமாக உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். இரண்டு, ஊதும் வேகத்துக்குப் பதிலாக எத்தனை முறை கடுமையான அட்டாக் வந்தது என்று எண்ணினார்கள். 2009-ல் வெளியான இரண்டு சிறிய ஆய்வுகளில் அட்டாக் குறைந்தது தெரிந்தது. 621 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான பெரிய ஆய்வில் அட்டாக் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது.

ஊதும் அளவை மட்டும் பார்த்திருந்தால், இந்த மருந்து அலமாரியிலேயே தூங்கியிருக்கும்.

<b>'அட்டாக்' என்றால் எது அட்டாக்?</b>

இதிலும் ஒரு குழப்பம் இருந்தது. ஒரு ஆய்வில் இரண்டு நாள் இருமல் வந்தாலே அட்டாக். இன்னொன்றில் ஐசியூவுக்குப் போனால்தான் அட்டாக். இப்படி இருந்தால் இரண்டு மருந்துகளை எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2009-ல் சேர்ந்து ஒரு வரையறை கொடுத்தன. பெரியவர்களுக்குச் சுருக்கமாக இப்படி:

• குறைந்தது 3 நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டால், அது கடுமையான அட்டாக்.

• ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, அவசரப் பிரிவுக்குப் போய் ஸ்டீராய்டு போட வேண்டி வந்தாலோ, அதுவும் கடுமையான அட்டாக்.

வரையறை தெளிவாக இருந்தால் எண்ணுவது சுலபம். ஆனாலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் வரும். கோட்டக்குப்பத்தில் இருப்பவருக்கு ஜிப்மர் சில கிலோமீட்டர்தான். உள்கிராமத்தில் பஸ் இல்லாத நேரத்தில் மூச்சுத் திணறுபவர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் சமாளிப்பார். அவருக்கு வந்ததும் அட்டாக்தான், கணக்கில் மட்டும் வராது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் ஆஸ்பத்திரிப் பதிவோடு நோயாளியின் தினசரி டைரியையும் பார்க்கிறார்கள்.

<b>ஒரே ஆய்வு, இரண்டு தீர்ப்பு</b>

எதை அளக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிறந்த உதாரணம், 2018-ல் வெளியான 'சிக்மா 1' ஆய்வு. அஸ்ட்ராஜெனிக்கா நிறுவனம் நிதி கொடுத்தது. லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேர், ஒரு வருடம், மூன்று பிரிவுகள்.

முதல் பிரிவு: மூச்சு முட்டும்போது மட்டும் உடனடி நிவாரண இன்ஹேலர். நம்மில் பலர் செய்வது இதைத்தான்.

இரண்டாம் பிரிவு: மூச்சு முட்டும்போது மட்டும், ஆனால் நிவாரண மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த இன்ஹேலர்.

மூன்றாம் பிரிவு: தினமும் தவறாமல் ஸ்டீராய்டு இன்ஹேலர், அவசரத்துக்கு நிவாரண இன்ஹேலர்.

முக்கிய அளவுகோல், ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்த வாரங்கள் எத்தனை சதவீதம் என்பது. முதல் பிரிவுக்கு 31.1, இரண்டாம் பிரிவுக்கு 34.4, மூன்றாம் பிரிவுக்கு 44.4. இதை வைத்துப் பார்த்தால் தினசரி இன்ஹேலர்தான் தெளிவான வெற்றி. கலவை இன்ஹேலர் பழைய முறையைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இப்போது கடுமையான அட்டாக்கை எண்ணுவோம். 100 பேருக்கு ஒரு வருடத்தில் முதல் பிரிவில் 20 அட்டாக். இரண்டாம் பிரிவில் 7. மூன்றாம் பிரிவில் 9.

கதை அப்படியே மாறுகிறது. தேவைப்படும்போது மட்டும் கலவை இன்ஹேலர் எடுத்தவர்கள், தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இணையாகக் காப்பாற்றப்பட்டார்கள். அதுவும் ஆறில் ஒரு பங்கு ஸ்டீராய்டு அளவிலேயே. பழைய முறையில் இருந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

எந்தத் தீர்ப்பு சரி? இரண்டும் சரி. தினமும் இருமல், இழுப்பு இல்லாமல் இருக்கணும் என்பவருக்கு முதல் எண் முக்கியம். திடீரென்று நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாது என்பவருக்கு இரண்டாவது எண் முக்கியம்.

இதுபோன்ற முடிவுகள், பழைய முறையில் இருந்த ஆபத்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு 2019-ல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களும் ஸ்டீராய்டு இல்லாத உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்றது.

<b>ஆயிரம் பேரில் தெரியாதது, 26 ஆயிரம் பேரில் தெரியும்</b>

மூச்சு எளிதாகிறது, ஊதும் அளவும் கூடுகிறது, ஆனால் உயிருக்கே ஆபத்து என்றால்? அதுவும் நடந்தது.

சால்மெடரால் என்பது நீண்ட நேரம் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் மருந்து. அமெரிக்காவில் 26,355 பேரிடம் 28 வாரங்களுக்கு இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு ஒரு பாதிப் பேருக்கு சால்மெடரால், மறு பாதிக்கு டம்மி. 2003-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2006-ல் வெளியான முடிவில், ஆஸ்துமாவால் இறந்தவர்கள் டம்மி பிரிவில் 3 பேர், மருந்துப் பிரிவில் 13 பேர்.

மருந்துப் பிரிவின் சுமார் 13 ஆயிரம் பேரில் 13 என்பது சிறிய எண்தான். 500 பேரிடம் மட்டும் சோதித்திருந்தால் ஒரு மரணம்கூட நடந்திருக்காது, 'பாதுகாப்பானது' என்று எழுதியிருப்பார்கள். அரிதாக நடப்பதை அளக்கப் பெரிய கூட்டம் வேண்டும்.

பிறகு இதே வகை மருந்தை ஸ்டீராய்டோடு ஒரே இன்ஹேலரில் சேர்த்துக் கொடுத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. அதில் அந்த ஆபத்து கூடவில்லை. எனவே கலவை இன்ஹேலர்களுக்கு இருந்த கடும் எச்சரிக்கையை அமெரிக்கா 2017 டிசம்பரில் நீக்கியது. இன்று கலவை இன்ஹேலர் எடுப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. ஸ்டீராய்டு துணை இல்லாமல் தனியாக எடுப்பதில்தான் பிரச்சினை.

<b>எந்த மாசம் சோதிக்கிறார்கள்?</b>

இதுவும் சின்ன விஷயம் இல்லை. வடகிழக்குப் பருவமழை, மார்கழிப் பனி, போகிப் புகை என்று ஐப்பசி முதல் தை பிறக்கும் வரை பலருக்கு இழுப்பு கூடும். மழையில் கஷ்டப்பட்டு ஒரு ஆய்வில் சேர்ந்தவருக்குப் பங்குனியில் தானாகவே கொஞ்சம் குறையலாம். பெருமை மருந்துக்குப் போய்விடும்.

ஆய்வில் சேர்ந்ததும் நர்ஸ் அடிக்கடி கூப்பிடுவார், இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று சரியாகச் சொல்லிக் கொடுப்பார். அதனாலேயே டம்மி எடுப்பவருக்கும் முன்னேற்றம் தெரியும்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒரே காலத்தில், ஒரே கவனிப்போடு, ஒப்பிட இன்னொரு குழு இருக்க வேண்டும். சிக்மா போன்ற ஆய்வுகள் முழு ஒரு வருடம் நடப்பதும் எல்லாப் பருவத்தையும் பார்க்கத்தான்.

<b>முடிவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்</b>

ஒரு ஆய்வில் பத்து விஷயங்களை அளந்து, அதில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் 'இதைத்தான் பார்க்க நினைத்தோம்' என்று சொன்னால்? பரீட்சை எழுதி முடித்த பிறகு, எந்தக் கேள்விக்கு மார்க் என்று மாணவரே முடிவு செய்வது மாதிரிதான்.

இதைத் தடுக்கத்தான் பதிவேடு. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான 'சிடிஆர்ஐ' பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, எதை முக்கியமாக அளக்கப் போகிறோம், எத்தனை வாரத்தில் அளப்போம் என்று அதில் எழுதிவிட வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

<b>'ஆஸ்துமாவுக்குப் புது மருந்து' என்று செய்தி வந்தால் என்ன கேட்கலாம்?</b>

• எதை அளந்தார்கள்? நிம்மதியையா, ஊதும் அளவையா, அட்டாக்கையா?

• எதோடு ஒப்பிட்டார்கள்? டம்மியோடா, இப்போது இருக்கும் நல்ல மருந்தோடா?

• எத்தனை பேர், எத்தனை மாதம்?

• யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் இருந்ததா?

• பக்கவிளைவைச் சொல்லியிருக்கிறார்களா?

<b>நம் வீட்டிலேயே அளக்க முடியுமா?</b>

முடியும். ஆய்வுகளில் பயன்படும் 'ஏசிடி' என்ற கேள்வித்தாளை மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறார்கள். கடந்த 4 வாரங்களைப் பற்றி 5 கேள்விகள். ஆஸ்துமாவால் வேலை கெட்டதா, மூச்சு வாங்கியதா, ராத்திரி எழ வைத்ததா, நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள், எவ்வளவு கட்டுக்குள் இருப்பதாக நினைக்கிறீர்கள். மொத்தம் 25 மார்க். 20-க்குக் கீழே என்றால் ஆஸ்துமா சரியாகக் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதோடு ஒரு விஷயத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்கள், எத்தனை முறை நெபுலைசர் வைக்க ஓடினீர்கள்? இன்றைக்கு மூச்சு லேசாக இருந்தாலும் இந்தக் கணக்கை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த அட்டாக் வரும் வாய்ப்பை அவர் எடைபோட முக்கியமான தகவல் அது.

மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் குறையாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை யாராவது "இந்த மருந்து நல்லா கேக்குது" என்றால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "போன மழைக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"